சாம்பல் நிறத்துக்காக ஒரு வழக்கு

அயர்லாந்து ரயில்களின் மாதிரிகளைக் கண்காட்சியில் பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது நீலம். பெல்ஃபாஸ்டுக்கும் டப்ளினுக்கும் இடையே ஓடிய கிரேட் நார்தர்ன் கம்பெனியின் வானநீல எக்ஸ்பிரஸ் என்ஜின், சிவப்புச் சட்டகத்தோடு பளபளவென்று நிற்கும். பக்கத்தில் பச்சை நிறத்தில் மேவ் ராணியின் பெயர் தாங்கிய 800ஆம் எண் என்ஜின். சற்றுத் தள்ளி டொனகல் மாவட்டத்துக் குறும்பாதை ரயிலின் செக்கச்சிவந்த டேங்க் என்ஜின். மூன்றும் உண்மையாகவே ஓடியவை, மூன்றும் அழகானவை. ஆனால் இவற்றை மட்டும் வைத்து அந்த நாட்டின் ரயில் வரலாற்றைக் கற்பனை செய்கிறவர் ஏமாந்துபோவார். 1925 முதல் 1963 வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், தெற்கு அயர்லாந்தின் நீராவி என்ஜின்களில் மிகப் பெரும்பாலானவை சாம்பல் நிறத்தில் இருந்தன. கோடு கிடையாது, அலங்காரம் கிடையாது. மாதிரி செய்கிறவர்கள் என்ஜினின் வர்ணம் சரியாக இருக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தால், இந்தச் சாம்பலில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

அந்த நிறம் எப்படி வந்தது என்பதைப் பார்த்தாலே அதன் மதிப்பு புரியும். கிரேட் சதர்ன் அண்ட் வெஸ்டர்ன் என்ற பெரிய கம்பெனி ஒரு காலத்தில் தன் என்ஜின்களுக்குக் கறுப்பு அடித்து, சிவப்புக் கோடு இழுத்து அழகு பார்த்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அதை விட்டுவிட்டுச் சாம்பலுக்கு மாறியது. போர் முடிந்த பிறகும் பழைய அழகு திரும்பவில்லை. அடுத்து வந்தது விடுதலைப் போர், அதன் பின்னால் உள்நாட்டுப் போர். 1922 ஆகஸ்டில் மாலோ நகருக்கு அருகே பிளாக்வாட்டர் ஆற்றின் மேலிருந்த பாலத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். கார்க் நகருக்குப் போகும் முக்கியப் பாதை அதோடு துண்டானது. கம்பெனிகளிடம் பணம் இல்லை. புதிய அரசு 1924இல் சட்டம் இயற்றி, சுதந்திர நாட்டின் எல்லைக்குள் முழுவதுமாக அடங்கிய பாதைகளை எல்லாம் ஒரே கம்பெனியாக இணைத்தது. 1925 தொடக்கத்தில் கிரேட் சதர்ன் ரெயில்வேஸ் பிறந்தது இப்படித்தான். மேற்கே கால்வே நோக்கி ஓடிய மிட்லண்ட் கிரேட் வெஸ்டர்ன், தென்கிழக்குக் கரையோரம் ஓடிய டப்ளின் அண்ட் சவுத் ஈஸ்டர்ன், கார்க்கின் பாண்டன் பாதை, இன்னும் பல சின்னக் கம்பெனிகள் எல்லாம் அதற்குள் போயின. ஒவ்வொன்றுக்கும் தனி வர்ணம் இருந்தது. மிட்லண்ட் கம்பெனி மரகதப் பச்சையில் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆழ்ந்த நீலத்தை முயன்று பார்த்து, அது வெயிலுக்கும் மழைக்கும் தாங்காமல் கைவிட்டிருந்தது. அத்தனை நிறங்களும் டப்ளினின் இன்ச்சிகோர் பணிமனைக்குப் பெரிய பழுதுபார்ப்புக்கு வந்து, ஒவ்வொன்றாகச் சாம்பலாகி வெளியே போயின. எல்லை தாண்டி ஓடியதால் கிரேட் நார்தர்ன் இந்த இணைப்புக்கு வெளியே நின்றது. அது 1930களில் நீலத்துக்கு மாற முடிந்ததற்கும், தெற்குக் கம்பெனி சாம்பலிலேயே கிடந்ததற்கும் பின்னால் இருப்பது இந்த அரசியலும் இந்தப் பணமுடையும்தான்.

இந்தச் சாம்பலை எப்படிப் பூசினார்கள் என்பதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான மாதிரிகள் தவறுவது இங்கேதான். இங்கிலாந்து என்ஜின்களைப் பார்த்துப் பழகிய கை, பாய்லருக்கு என்ன நிறம் அடித்தாலும் முன்னால் உள்ள புகைப்பெட்டிக்கும் புகைபோக்கிக்கும் கறுப்பு அடித்துவிடும். சக்கரத்துக்கும் சட்டகத்துக்கும் அப்படியே. இன்ச்சிகோரில் அந்தப் பிரிவினை இல்லை. புகைபோக்கி, புகைப்பெட்டி, பாய்லர், ஓட்டுநர் அறை, டெண்டர், சக்கரம், சட்டகம் எல்லாவற்றுக்கும் ஒரே அடர்ந்த சாம்பல்தான். அறையின் பக்கவாட்டில் திருகியிருந்த வார்ப்பிரும்பு எண் தகட்டின் மேலும் அதே பெயின்ட் ஓடும். எண்ணும் விளிம்பும் மட்டும் புடைப்பால் தெரியும், சில நேரம் தேய்த்தோ வெளிர் நிறத்தில் தீட்டியோ அவற்றை எடுப்பாகக் காட்டுவார்கள். முன்னாலுள்ள பஃபர் பீம் ஒன்றுதான் சிவப்பு. கொதித்துக் கொதித்து ஆறும் புகைப்பெட்டியில் அந்தப் பெயின்ட் வெந்து, உரிந்து, துருவும் கரியும் கலந்த வேறொரு நிறமாகிவிடும். ஆகவே புகைப்படத்தில் புகைப்பெட்டி கறுத்துத் தெரிந்தால் அது கறுப்பு பெயின்டுக்குச் சாட்சியாகாது, நெருப்புக்குத்தான் சாட்சி. கறுப்பு பெயின்ட் டப்பாவைத் திறக்காமலேயே ஒரு கிரேட் சதர்ன் என்ஜினை முடித்துவிடலாம் என்பது பலருக்கு நம்ப முடியாத செய்தி.

இதற்கு முதலில் வரும் மறுப்பு நியாயமானது. நிறத்தை யார் உறுதியாகச் சொல்ல முடியும், அந்தக் காலத்துப் படங்கள் கறுப்பு வெள்ளை, பார்த்தவர்களின் நினைவோ ஆளுக்கொன்று, பிறகு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பார்கள். சாட்சிகள் குறையுள்ளவை என்பது உண்மைதான். ஆனால் எந்தச் சாட்சி எந்தப் பக்கம் சாயும் என்பது நமக்குத் தெரியும், தெரிந்த சாய்வைத் திருத்திக்கொள்ள முடியும். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பு ஒளிக்குக் குருடு. அதில் எடுத்த படத்தில் கறுப்பு என்ஜின் மேல் இழுத்த சிவப்புக் கோடு காணாமல் போகும், நீல உடல் வெளுத்துப் போகும், சிவப்புச் சட்டகம் கரிக்கட்டையாகத் தெரியும். பின்னால் வந்த பான்குரோமாட்டிக் ஃபிலிம் இந்தக் குறையைப் பெரிதும் நீக்கியது. எனவே படம் எடுத்த ஃபிலிம் எது என்று கேட்காமல் படத்தை மட்டும் காட்டி வாதாடுவது வீண். 1930களின் நடுவில் கோடாக்குரோம் வண்ண ஃபிலிம் வந்துவிட்டது. இருட்டில் வைத்த கோடாக்குரோம் ஸ்லைடு பல பத்தாண்டுகளுக்கு நிறம் மாறாமல் நிற்கக்கூடியது. அயர்லாந்தில் வண்ணப்படங்கள் பெருகியது 1950களில், சாம்பல் என்ஜின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தபோதே. நினைவுகள் ஒத்துப்போகாத இடத்தில்கூட, அவை எங்கே பிரிகின்றன என்பதே ஒரு தகவல்தான்.

கிரேட் நார்தர்னின் நீலம் இதற்கு நல்ல உதாரணம். அது வெளிர் வானநீலம் என்று ஒருவரும், பச்சை கலந்த நீலம் என்று இன்னொருவரும் சொன்னால் இருவருமே சரியாக இருக்கலாம். அன்றைய வர்ணத்தின் மேல் வார்னிஷ் பூசுவார்கள். ஆளி விதை எண்ணெயில் செய்த வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகும், நீலத்தின் மேல் மஞ்சள் படிந்தால் பச்சைச் சாயல் தட்டும். 1932இல் பேயர் பீகாக் கட்டித் தந்த ஈகிள், ஃபால்கன், மெர்லின், பெரிக்ரின், கெஸ்ட்ரல் ஆகிய ஐந்து பறவைப் பெயர் என்ஜின்களில், டண்டாக் பணிமனையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஒன்றும், பழுதுபார்ப்புக்கு நாள் நெருங்கிய இன்னொன்றும் டப்ளின் ஏமியன்ஸ் தெரு நிலையத்தில் அருகருகே நின்றால் இரண்டு நீலங்கள் தெரிந்திருக்கும். கேள்வியைக் கிரேட் நார்தர்ன் நீலம் எது என்று வைக்கக் கூடாது. மெர்லின் எந்த ஆண்டு, கடைசியாக வர்ணம் அடித்து எத்தனை மாதம் என்று வைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: அந்த நீலம் பயணிகள் ரயிலை இழுத்தவற்றுக்கே வாய்த்தது. அதே கம்பெனியின் சரக்கு என்ஜின்கள் கறுப்பாகவே வேலை செய்து ஓய்ந்தன. அவற்றை விட்டுவிட்டு ஐந்து பறவைகளை மட்டும் ஓடவிடும் மாதிரிப் பாதையில் வர்ணம் சரியாக இருக்கும், விகிதம் பொய்யாக இருக்கும்.

காப்பாற்றி வைத்திருக்கும் நிஜ என்ஜின்களையே போய்ப் பார்க்கலாமே என்பது அடுத்த மறுப்பு. அளவுக்கும் வடிவத்துக்கும் அவை விலைமதிப்பற்றவை. வர்ணத்துக்கு அவற்றை நம்ப முடியாது. 1964இல் தொடங்கிய அயர்லாந்து ரயில்வே பாதுகாப்புச் சங்கத்திடம் உள்ள 186ஆம் எண் என்ஜின் 1879இல் கட்டியது. அதன் கூட்டாளி 184 அடுத்த ஆண்டு இன்ச்சிகோரில் பிறந்தது. இத்தனை நீண்ட ஆயுளில் இவற்றுக்கு உரிய வர்ணங்கள் பல. 1970களின் இறுதியில் மைக்கேல் கிரைட்டன் ரயில் கொள்ளைப் படம் எடுத்தபோது, 1855ஆம் ஆண்டு இங்கிலாந்து ரயிலாக வேடம் கட்டி அயர்லாந்துப் பாதையில் இழுக்க வைத்தது இந்த வகை என்ஜினைத்தான். காப்பாற்றிய என்ஜின் மேல் இன்று இருக்கும் பெயின்ட் கடைசியாக அடித்தவரின் முடிவு. அந்த முடிவு நல்ல ஆய்வின் மேல் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். மாதிரி செய்பவர் அதைப் படியெடுத்தால் ஆய்வின் நகலைத்தான் எடுக்கிறார்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு தண்டவாளத்தைப் பற்றியது. அயர்லாந்தின் பாதை அகலம் 5 அடி 3 அங்குலம். ஆளுக்கொரு அகலத்தில் பாதை போடத் தொடங்கிய குழப்பத்தை முடிக்க 1846இல் சட்டமாக்கிய அளவு அது. அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற அளவில் அதற்குச் சரியான தண்டவாள அகலம் 21 மில்லிமீட்டர். ஆனால் பெரும்பாலானோர் கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்தான் ஓட்டுகிறார்கள். நிஜ அளவில் அது 4 அடி ஒன்றரை அங்குலம்தான். ஒரு அடிக்கு மேல் ஒடுங்கிய பாதையை ஏற்றுக்கொண்டவர் சாம்பலின் சாயலுக்காக ஏன் சண்டை போட வேண்டும்? என் பதில், இரண்டு பிழைகளும் ஒரே இனமல்ல என்பது. தண்டவாளக் குறை எல்லோருக்கும் தெரிந்த சமரசம். செய்தவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். 5 அடி 3 அங்குலம் என்பது சட்டத்தில் எழுதியிருக்கிறது, எந்த மாதிரியும் அதை அழிக்க முடியாது. நிறத்துக்கு அப்படிப்பட்ட காவல் இல்லை. தவறான நிறத்தில் நன்றாகச் செய்த மாதிரியைப் படம் பிடிப்பார்கள், அந்தப் படத்தைப் பார்த்து அடுத்தவர் அடிப்பார், இருபது ஆண்டு கழித்து அதுவே ஆதாரமாகிவிடும். சிரில் ஃப்ரை இன்ச்சிகோர் பணிமனையில் வரைபடக்காரராக வேலை பார்த்தவர்; அங்கிருந்த வரைபடங்களைக் கொண்டே அயர்லாந்து ரயில்களை மாதிரியாகச் செய்தார். அவர் 1972இல் இறந்த பிறகு அந்தத் தொகுப்பு மாலஹைடில் பொதுமக்களின் பார்வைக்கு வந்தது. அதில் உள்ள சில வண்டிகளுக்கு நிஜத்தில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. மாதிரியே ஆவணமாகிவிடும் இடம் அது.

சாம்பலை வற்புறுத்தினால் மிச்ச நிறங்களைத் துடைத்துவிடச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1939, 1940 ஆண்டுகளில் இன்ச்சிகோர் கட்டிய 800ஆம் வகை என்ஜின்கள் மூன்றே மூன்று. ஐரிஷ் எழுத்தில் பெயர் பொறித்து, பச்சை அடித்து, கோடு இழுத்து அவற்றை வெளியே விட்டது அதே ஏழைக் கம்பெனிதான். நூற்றுக்கணக்கான சாம்பல் என்ஜின்களுக்கு நடுவே அந்த மூன்று பச்சையைப் பார்த்தவர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதை, சாம்பலைச் சரியாகச் செய்தவரால்தான் காட்ட முடியும். 1945இல் கம்பெனி கைமாறி சி.ஐ.ஈ. ஆனது. சில பயணிகள் என்ஜின்களுக்குப் பச்சை வந்தது. டப்ளின் டிராம் கம்பெனியிடமிருந்து எடுத்துக்கொண்ட சின்னம் டெண்டரில் ஏறியது, மக்கள் அதைப் பறக்கும் நத்தை என்றார்கள். மற்றவை சாம்பலிலேயே தொடர்ந்தன, கடைசி ஆண்டுகளில் சில கறுப்பாயின. டீசலும் இதே கதைதான். 1955 முதல் வந்த மெட்ரோவிக் டீசல் என்ஜின்கள் வெள்ளி நிறத்தில் இறங்கின. எண்ணெய்க் கசிவும் பிரேக் தூளும் அந்த வெள்ளியைச் சீக்கிரமே அழுக்காக்கின. பச்சைக்கும், பிறகு கறுப்புக்கும் மாற்ற வேண்டியதாயிற்று. பளிச்சென்ற வெள்ளியில் ஒரு மெட்ரோவிக்கை நிறுத்துகிறவர் அதன் வாழ்க்கையின் முதல் சில மாதங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அது தெரிந்தே செய்த தேர்வானால் குற்றமே இல்லை; பக்கத்தில் நிற்கும் பெட்டிகளும் நிலையப் பலகையும் அதே மாதங்களைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நடைமுறையில் இது கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் மான்செல் வடிவமைத்த ‘என்’ (N) வகை என்ஜினின் பாகங்கள் முதல் உலகப் போருக்குப் பின் வுல்விச் ஆயுதச் சாலையில் தயாராகி, டப்ளினுக்கு விற்பனையாகி, 1925 முதல் 26 என்ஜின்களாகத் தெற்கு அயர்லாந்தில் ஓடின. கடையில் கிடைக்கும் இங்கிலாந்து மாதிரியை வாங்கி வர்ணம் மாற்றினாலே ஒரு அயர்லாந்து என்ஜின் கிடைத்துவிடும் என்பதால் பலரும் இதில்தான் தொடங்குகிறார்கள். அவர்கள் பெயின்ட் வாங்குவதற்கு முன் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கட்டும், 372 என்றே வைத்துக்கொள்ளலாம். அடுத்து ஆண்டு. பிறகு அந்த எண்ணுக்கு அந்த ஆண்டை ஒட்டிய ஒரு படம். அதில் எண் வார்ப்புத் தகட்டில் இருக்கிறதா, அறைச் சுவரில் எழுதியிருக்கிறதா என்பதைப் பார்த்தாலே கிரேட் சதர்ன் காலமா, சி.ஐ.ஈ. காலமா என்பதில் பாதி தெளிந்துவிடும். அப்புறம் புகைபோக்கி உச்சியிலிருந்து சக்கரம் வரை ஒரே சாம்பல்.