கட்டிங்கும் பெயரற்றவர்களும்: குடியை விட்டவர்களின் நட்பு குறித்துச் சில குறிப்புகள்

2023 மே மாதத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்தின் பெருக்கரணை, பேரம்பாக்கம் பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். செத்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அந்த வாரங்களில் ஓங்கி ஒலித்தவை இரண்டு குரல்கள். 'கடையை மூடு' என்பது ஒன்று. 'கடையை மூடினால் ஊரெங்கும் இதுதான் நடக்கும்' என்பது மற்றொன்று. பார்க்கப்போனால் இரண்டுமே கடையைப் பற்றிய பேச்சு. குடிக்கிறவன் இரண்டிலும் பிணமாகவோ, பிணமாகப் போகிறவனாகவோ மட்டுமே வருகிறான். குடித்துக் கிடந்து, பிறகு விட்டு, விட்ட நிலையில் உயிரோடு நடமாடுகிறவன் இந்தச் சொல்லாடலில் இடம்பெறுவதே இல்லை. அவனுக்கு ஒரு வரலாறு உண்டா, உண்டென்றால் அதில் அவனோடு கூட இருந்தவர்கள் யார் என்பதே இக்குறிப்புகளின் அக்கறை.

தமிழ்நாட்டில் மதுவின் வரலாறு என்று நாம் படித்துவந்தது அரசாணைகளின் வரலாறு. 1886இன் சென்னை ஆப்காரிச் சட்டம்; 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு; 1948க்குள் செங்கல்பட்டு உள்ளிட்ட மாகாணம் முழுவதற்கும் அது நீட்டிக்கப்பட்டது; 1971இல் தளர்வு; 1974இல் அடைப்பு; 1981இல் மறுபடி திறப்பு; 1983இல் டாஸ்மாக்; 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. 2023-24இல் மதுவால் அரசுக்குக் கிடைத்த வரி 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மதுவிலக்குக் காலத்தில் குடிக்கிறவன் குற்றவாளி, விற்பனைக் காலத்தில் அவனே வாடிக்கையாளன். போலீஸ்காரனோடும் கல்லாப்பெட்டியோடும் அவனுக்கு இருந்த உறவு பதிவாகியிருக்கிறது. பக்கத்தில் குந்திக் குடித்தவனோடு அவனுக்கு இருந்த உறவு பதிவாகவில்லை.

ஆனால் குடி என்பது முதலில் ஒரு கூட்டாளித்தனம். புறநானூற்றின் 235ஆம் பாட்டில் அதியமான் இறந்ததற்கு அழுகிற ஒளவை, அவனுடைய போர்களிலிருந்து தொடங்கவில்லை. கள் கொஞ்சமாகக் கிடைத்தபோதும் நிறையக் கிடைத்தபோதும் அவன் எப்படி நடந்துகொண்டான் என்பதிலிருந்துதான் தொடங்குகிறாள். நட்பின் முதல் சாட்சியாக அங்கே வருவது பகிர்ந்த கள்.

அதன் இன்றைய வடிவத்தைச் செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்திலோ எந்த டாஸ்மாக் வாசலிலும் பார்க்கலாம். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதற்கு முழுக் காசு இல்லாதவன் வாசலில் நிற்கிறான். அதே நிலையில் இன்னொருவன் வருகிறான். "இன்னா தலைவரே, கட்டிங் போடலாமா?" அவ்வளவுதான். ஆளுக்குப் பாதிக் காசு, ஆளுக்குப் பாதி பாட்டில். பேரு என்ன, எந்த ஊரு, எந்தத் தெரு என்று இருவரும் கேட்டுக்கொள்வதில்லை. நம் சமூகத்தில் பெயரைக் கேட்பது ஊரைக் கேட்பதற்கு முன்படி. ஊரைக் கேட்பது தெருவைக் கேட்பதற்கு. தெருவைக் கேட்பது எதற்கென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேள்விகள் தள்ளிவைக்கப்படுகிற அபூர்வமான இடங்களில் ஒன்று கட்டிங். இதை நான் புனிதப்படுத்தவில்லை. பாட்டில் காலியானதும் அந்தச் சமத்துவமும் காலி. வீட்டுக்குப் போனதும் அடி வாங்குகிறவள் பெண். இருந்தாலும் விட நினைக்கிறவன் எதை இழக்கிறான் என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பாதி பாட்டிலைப் புரிந்துகொண்டாக வேண்டும்.

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை நான் பழகிய குப்பங்களில் இது இன்னும் அழுத்தமாகத் தெரியும். கரையேறி மீன் விற்றபின் பங்கு பிரிக்கிற பேச்சும், அடுத்த நாள் யார் படகில் யார் போவது என்கிற பேச்சும் பெரும்பாலும் குடிக்கிற இடத்தில்தான் நடக்கும். ஒருவன் குடியை விட்டால் அந்தப் பேச்சிலிருந்தும் விலகிவிடுகிறான். "அவன் பெரிய ஆளாயிட்டான்பா" என்ற கேலி முதல் வாரத்திலேயே வந்துவிடும். தொண்ணூறுகளில் நமது சிறுபத்திரிகைகளில் கள்ளை விளிம்புநிலைப் பண்பாட்டின் பகுதியாக முன்வைத்து, மதுவிலக்கை மேட்டுக்குடி ஒழுக்கவாதம் என்று சாடினோம். அந்தச் சாடல் இன்றும் செல்லும் என்றே கருதுகிறேன். ஆனால் குடிப்பவனின் உரிமைக்கு நாம் கொடுத்த பக்கங்களில் ஒரு பங்குகூட, விட நினைப்பவனின் தனிமைக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தனிமையை உடைப்பது எது? அறிவுரை அல்ல என்பது வள்ளுவருக்கே தெரிந்திருக்கிறது. கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். குடித்தவனுக்குக் காரணம் சொல்லித் திருத்துவது, நீருக்கடியில் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவது போன்றது என்கிறது 929. குடிக்காத பொழுதில் ஒருவன், குடித்துக் கிடக்கும் இன்னொருவனைப் பார்க்கும்போது தன் தளர்ச்சியை நினைத்துப் பார்க்க மாட்டானா என்று கேட்கிறது 930. மேலிருந்து வரும் போதனை பயன்படாது. ஆனால் ஒரு குடியனுக்கு இன்னொரு குடியன் கண்ணாடியாகலாம். அறத்தின் பேரால் குடியைக் கண்டிக்கும் அதிகாரம், இந்த ஒரு கேள்வியோடு முடிந்துவிடுகிறது.

இந்தக் கேள்விக்கு நடைமுறை வடிவம் கிடைத்தது வெகுதூரத்தில், வெகுகாலம் கழித்து. 1840இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஒரு மதுக்கடையில் கூடிய ஆறு குடிகாரர்கள் இனிக் குடிப்பதில்லை என்று ஒருவருக்கொருவர் உறுதி கூறி வாஷிங்டோனியர் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். மதுவிலக்கு அரசியலுக்குள்ளும் மேடைப் பேச்சுக்குள்ளும் இழுபட்டு அதே வேகத்தில் அது சிதறியும் போனது. 1935இல் பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர், தொழில் தோல்வியோடு ஆக்ரன் நகர ஓட்டலில் நிற்கிறார். குடிக்காமல் சில மாதங்கள் ஆகியிருக்கின்றன. ஓட்டலின் மதுக்கூடம் அழைக்கிறது. அவர் தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் பேசி, தாம் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டுமென்று கேட்கிறார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். இங்கு கவனிக்கத்தக்கது, வில்சன் யாரையும் காப்பாற்றப் போகவில்லை என்பதே. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு இன்னொரு குடியன் தேவைப்பட்டான். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயரற்ற குடிநோயாளிகள், அங்கிருந்து பிறந்தது. கட்டிங்குக்கு ஆள் தேடுவதன் நேர்த் தலைகீழ் இது.

வாஷிங்டோனியர் சிதறிய கதை பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. சொத்து சேர்ப்பதில்லை, வெளியார் பணம் வாங்குவதில்லை, ஆள்கிற தலைவர்கள் இல்லை, மதுவிலக்கு உட்பட எந்தப் பொதுப் பிரச்சினையிலும் அமைப்பு கருத்துச் சொல்வதில்லை. உறுப்பினராவதற்குக் குடியை நிறுத்தும் விருப்பம் மட்டும் போதும். 1957இல் இது இந்தியாவுக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் தேவாலயங்களின் பக்க அறைகளிலும் பள்ளிக்கூட அறைகளிலும் கூட்டங்கள் நடக்கின்றன. வெளியாரை அனுமதிக்கும் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது விதி, ஆகவே எழுதவில்லை. வடிவத்தை மட்டும் சொல்லலாம். ஒருவர் பேசுவார். மற்றவர்கள் குறுக்கிடுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. அடுத்தவர் தன் கதையைச் சொல்வார். டீ வரும். போகும்போது புதியவருக்கு ஒரு பழையவர் தன் தொலைபேசி எண்ணைக் கொடுப்பார். "ராத்திரி எந்நேரமானாலும் பண்ணுங்க சார்" என்பார்.

ஃபூக்கோ படித்த அன்பர்கள் இங்கே புருவத்தை உயர்த்தலாம். பாவமன்னிப்புக் கூண்டில் தொடங்கி மருத்துவரின் அறைவரை, ஒப்புக்கொள்ள வைப்பதே அதிகாரத்தின் உத்தி என்று அவர் காட்டியிருக்கிறார்; இது அதன் இன்னொரு கிளைதானே? 'நம்மைவிடப் பெரிய சக்தி' என்று கடவுள் வேறு வருகிறதே? சந்தேகம் நியாயமானது. ஆனால் ஒப்புதலில் அதிகாரம் கேட்பவனிடம் குவிவது, கேட்பவன் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்பதால். இந்த வட்டத்தில் கேட்பவனே அடுத்துப் பேசுகிறவன். மன்னிக்கிறவன் இல்லை, பதிவேடு இல்லை. 1971இல் கிரிகரி பேட்சன் எழுதிய கட்டுரையொன்று இன்னொரு விளக்கம் தருகிறது. 'பாட்டிலை நான் ஜெயிப்பேன்' என்ற தன்னிலையின் வீம்புதான் குடியனைத் திரும்பத் திரும்பக் குடிக்க வைக்கிறது. தோற்றதை ஒப்புக்கொள்வது, தான் ஒரு பெரிய உறவுத் தொகுதியின் பகுதி என்று உணர்வதாகும் என்கிறார் அவர். பெரிய சக்தியின் இடத்தில் சிலர் முருகனை வைக்கிறார்கள், சிலர் யேசுவை. அந்த அறையில் உள்ளவர்களையே வைத்துக்கொள்கிற நாத்திகர்களும் உண்டு.

நம் மண்ணில் பெயரின்மைக்கு இன்னொரு பொருளும் கிடைக்கிறது. அமெரிக்காவில் அது வெட்கத்திலிருந்து பாதுகாப்பு. இங்கே பெயரின் வாலை வெட்டுவது சாதியின் வாலையும் தொடுகிறது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது நினைவுக்கு வருகிறது. ஆனால் எல்லை எங்கே வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நகரத்தில் பெயரற்று இருக்கலாம். நூறு வீடுள்ள குப்பத்தில் எவனுக்கு எப்போது கை நடுங்கியது என்பது நண்டு பிடிக்கிற பையனுக்கும் தெரியும். அங்கே பெயரின்மை சாத்தியமில்லை. ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் போடும். அபராதம் கட்டிய கையோடு போய்க் குடிப்பான்.

வேறொரு வழி இருக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. குடிநோயால் 1979இல் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். மருத்துவமனைக்கு வர முடியாத கிராமத்து ஏழைகளுக்காக 1989இல் தஞ்சைப் பகுதியின் மஞ்சக்குடியில் இந்நிறுவனம் முகாம் நடத்தியது. 15 நாள் சிகிச்சை ஊரிலேயே நடந்தது. உள்ளூர்க்காரர்கள் ஏற்பாடுகளில் பங்கெடுத்தார்கள். குடும்பத்தாரும் சேர்க்கப்பட்டார்கள். முகாம் முடிந்த பின்னும் ஊருக்கே போய்த் தொடர்ந்து பார்த்தார்கள். இது பெயரற்றவர்களின் முறையைப் புரட்டிப் போட்டது. இன்னார் மகன், இன்னார் புருஷன் என்று எல்லோருக்கும் தெரிந்தவன் எல்லோருக்கும் முன்னால் விடுகிறான். முன்பு கூடக் குடித்தவனே கூட விடுகிறவனாக அமையும்போது, ஊர் அறிதல் என்பது கண்காணிப்பிலிருந்து துணையாக மாறும் வாய்ப்பு உண்டாகிறது. மாறியே தீரும் என்று நான் சொல்லவில்லை. ஊர் என்பது சேரியை வெளியே வைத்த ஊராகவும் இருக்கிறது. எந்தக் குப்பத்திலும் காலனியிலும் இதைத் தொடங்கினாலும் முதல் கேள்வி, யார் யாரோடு ஒரே பாயில் உட்கார்வார்கள் என்பதாகவே இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். நட்பு மருந்துக்கு மாற்று ஆகாது. பல ஆண்டு குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரே போகலாம்; முதல் நாட்களுக்கு ஆஸ்பத்திரி வேண்டும். இரண்டாவது, இந்த நட்பை ஆண்களின் நட்பாக மட்டும் எழுதிவிடக் கூடாது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று 1951இல் தொடங்கிய அல்-அனான், குடிநோயாளியின் குடும்பத்தாருக்கான தனி வட்டம். அவன் திருந்துவதற்குக் காத்திராமல் அவள் மூச்சுவிடுவதற்கான இடம் அது. மீன் கூடை சுமந்து குடும்பத்தை ஓட்டுகிறவளிடம், அவன் விட்டதற்கும் அவளே காவல் இருக்க வேண்டும் என்று சொல்வது இன்னொரு சுமை.

இதெல்லாம் வெறும் நல்லெண்ணம்தானா என்று கேட்கிறவர்களுக்கு: 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்த 2020இன் காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமலிருப்பதில் இத்தகைய கூட்டங்களோடு முறையாக இணைக்கும் சிகிச்சை மற்றச் சிகிச்சைகளுக்கு இணையாகவோ மேலாகவோ பலன் தருவதாகக் கண்டது. பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகள்தான். ஆனால் செலவு ஒரு அறையும் டீயும். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டிய வலை பின்னும் கூடங்களில் சாயங்காலத்தில் ஆள் இருப்பதில்லை. கட்டிங்குக்கு ஆள் தேடுகிறவனுக்குக் கடை வாசலில் ஐந்து நிமிடத்தில் ஆள் கிடைக்கிறது. "இன்னிக்கு ஒருநாள் குடிக்காம இருக்கணும், கொஞ்சம் கூட இருப்பா" என்று தேடுகிறவனுக்கு, மாமல்லபுரத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவே எந்தக் கூடத்தில் விளக்கு எரிகிறது? கடையைத் திறப்பதா மூடுவதா என்று எண்பது ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்துவிட்டோம். விவாதிக்க வேண்டியதாக மிஞ்சியிருப்பது இந்தக் கூடம்.