உலக்கையும் ஆலையும்: தமிழர் தானிய உணவு பற்றிய ஓர் ஆராய்ச்சி

தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வத்தை அடுத்து உணவை வைத்தார். உரையாசிரியர்கள் அதனை நிலந்தோறும் வகுத்து, முல்லைக்கு வரகும் சாமையும், குறிஞ்சிக்குத் தினையும் ஐவனநெல்லும் மூங்கிலரிசியும், மருதத்திற்குச் செந்நெல்லும் வெண்ணெல்லும் எனக் கூறுவர். இப்பகுப்பு அண்மைக் காலத்தில் புதியதொரு வழக்காட்டிற்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படுகின்றது. உடற்பருமனும் நீரிழிவும் பெருகிவிட்ட இந்நாளில், முன்னோர் உண்டது சிறுதானியம் என்றும், நமக்கு நோய் தந்தது அரிசி என்றும் கூறுவார் பலர். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின்னர் இக்கூற்று மேலும் வலுப்பெற்றது. இதன்கண் உண்மையும் உண்டு; பிழையும் உண்டு. எத்தானியம் நல்லது என வினவுவோர், அத்தானியம் எங்ஙனம் குற்றப்பட்டது என வினவுவதில்லை. பின்னைய வினாவே முதன்மையானது என்பது நம் இலக்கியத்தாலும் பிற்கால மருத்துவ வரலாற்றாலும் புலனாகும்.

முதற்கண் இலக்கியச் சான்றினைக் காண்போம். மாங்குடி கிழார் பாடிய புறப்பாட்டு (335) வரகு, தினை, கொள், அவரை என்னும் நான்கினையன்றி வேறு உணவில்லை என்கின்றது. இந்நான்கனுள் இரண்டே தானியம். ஏனைய இரண்டும் பயறு என்பது கருதத்தக்கது. பெரும்பாணாற்றுப்படையும் முல்லை நிலத்தார் வரகுச் சோற்றை அவரைப் புழுக்கொடு படைப்பர் என்றே கூறும். மாச்சத்து மிக்க தானியத்தைப் பயற்றொடு சேர்த்துண்டால் அது மெல்லச் செரிக்கும் என இன்றைய உணவியலார் கூறுவர். சிறுதானியத்தைப் போற்றுவோர் பயற்றை மறந்துவிடுதல் வியப்பே.

எனினும் சங்க காலத்தார் இத்தானியங்களை நலங்கருதி விரும்பித் தேர்ந்துண்டனர் என்று கொள்ளுதற்கு இடமில்லை. புறநானூற்று 333ஆம் பாட்டில் வரும் மனைவி, விருந்தினர்க்கு இடுதற்கு வேறொன்றும் இன்மையின், விதைக்கென வைத்திருந்த தினையை உரலிற் பெய்து குற்றுகின்றாள். அது வறுமையின் உணவு. இதற்கு மறுதலையாகச் சிறுபாணாற்றுப்படை ஆமூர் உழவர் இல்லத்து விருந்தைக் காட்டுகின்றது. ஆண்டுப் பாணர் பெறுவது நண்டுக் கறியொடு கூடிய வெண்சோறு. அச்சோற்றுக்குரிய அரிசியைக் குற்றிக் குற்றி உலக்கையின் இரும்புப் பூணே தேய்ந்ததாம் எனப் புலவர் கூறுகின்றார். வரலாற்று நோக்கில் இக்குறிப்பு மிக விழுமியது. வெண்மை அன்றே விரும்பப்பட்டது. ஆனால் அதற்கு விலையாக ஒரு பெண்ணின் தோள்வலியும் உலக்கையின் இரும்பும் செலவாயின. ஆகவே அஃது எல்லார்க்கும் எந்நாளும் கிட்டுவதாக இல்லை. குற்றுவோர் பாடும் பாட்டு வள்ளை எனத் தனிப்பெயர் பெற்றுச் சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் இடம்பெறும் அளவிற்கு அத்தொழில் நாள்தோறும் நிகழ்ந்தது. தவிடு முற்றும் நீக்காத அரிசியைக் கொழியல் என்றும், நன்கு நீக்கியதைத் தீட்டல் என்றும் வேறுபிரித்து வழங்கியமையும் இதனோடு ஒருங்கு நோக்கத்தக்கது.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில் திருவமுதுக்கு உரிய பழவரிசி ஐந்துக்கு இரண்டு என்னும் கணக்கால் நெல்லாக மாற்றி எழுதப்படுகின்றது. ஐந்து நாழி நெல் கொடுத்தால் இரண்டு நாழி அரிசி. இறைவனுக்குப் படைக்கும் அரிசிக்கும் நாள்தோறும் உழவன் உண்ணும் அரிசிக்கும் வேறுபாடு இருந்திருக்கும் எனக் கொள்வதில் தவறில்லை. வெண்சோறு விருந்துக்கும் கோயிலுக்கும் உரிய சிறப்புணவாக நின்றதற்கு மக்களின் நல்லறிவு காரணமன்று; குற்றுதலின் அருமையே காரணம்.

அவ்வருமையை நீக்கியது ஆலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் இரங்கூன் முதலிய துறைமுகங்களிற் பெருகின. உலக்கை பல நாள் தேய்ந்து செய்ததை உருளை சில நொடியிற் செய்தது. உடனே கீழை நாடுகளில் பெரிபெரி என்னும் நோய் பெருவாரியாகத் தோன்றிற்று. கால் மரத்து, உடல் வீங்கி, இறுதியில் நெஞ்சம் தளர்ந்து மக்கள் மாண்டனர். பத்தேவியாவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், மருத்துவமனையில் எஞ்சிய வெண்சோற்றைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்தமையையும், தீட்டாத அரிசியைத் தின்றபின் தேறியமையையும் கண்டு 1890களில் வெளியிட்டார். அதற்காக 1929இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இந்நோய் வரலாற்றில் தமிழர்க்கும் ஓர் இடம் உண்டு. மலாய் நாட்டு நெகிரி செம்பிலானில் அறுவை மருத்துவராக இருந்த பிராடன், ஒரே இடத்தில் உழைத்த மூவகை மக்களை ஒப்பிட்டு நோக்கினார். ஆலையிற் தீட்டிய வெள்ளரிசியை உண்ட சீனரிடை பெரிபெரி மிகுந்திருந்தது. தம் நெல்லைத் தாமே அவ்வப்போது குற்றியுண்ட மலாயரிடையும், புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையும் அஃது அரிதாயிருந்தது. அவர் இதனை 1907இல் நூலாக்கினார். பிரேசர், இசுட்டாண்டன் என்னும் இருவர் அதே நாட்டில் சாவகத் தொழிலாளரை இரு கூட்டமாகப் பிரித்து, வெள்ளரிசியும் புழுங்கலரிசியும் தனித்தனி அளித்து இதனை உறுதி செய்தனர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்பொழுது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து உள்ளே அரிசிக்குள் ஊறிவிடுகின்றது. பின்னர்த் தீட்டினும் ஒரு பகுதி எஞ்சுகின்றது. நெல் அவித்த நம் பாட்டிமார் இதனை அறிந்து செய்தாரல்லர். அவித்த நெல் எளிதில் உமி நீங்கும், அரிசி நொறுங்காது என்பதற்காகவே செய்தனர். ஆயினும் தோட்டங்களுக்குச் சென்ற எண்ணிறந்தோரை அப்பழக்கம் காத்தது.

இப்பாடம் தமிழகத்தில் நெடிது நிலைத்திலது. 1920களில் குன்னூரில் ஆய்ந்த மக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தபொழுது, முழுக்கோதுமையும் பாலும் பருப்பும் காயும் கொண்ட சீக்கியர் உணவு முதலிலும், அரிசியே பெரும்பங்காகிய சென்னை மாகாணத்தார் உணவு கடைசியிலும் நின்றன. 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தின் செயலராகத் தஞ்சையிற் பிறந்த குமரப்பா கைக்குத்தலரிசிக்கு வாதாடினார். கேட்டார் சிலரே. குற்றும் துன்பத்தினின்று விடுபட்ட பெண்டிரை மீண்டும் உரலுக்கு அழைப்பது எளிதன்று என்பதையும் ஈண்டு நடுநின்று சொல்லல் வேண்டும்.

பெரிபெரி மறைந்தது, வேறொன்று வந்தது. தவிடும் முளையும் நீங்கிய அரிசி பெரும்பாலும் மாச்சத்தே. அது குடலில் விரைந்து சருக்கரையாகிக் குருதியிற் கலக்கின்றது. பசியும் விரைவில் மீள்கின்றது. 1981இல் டொராண்டோவில் செங்கின்சு என்பார் உணவுகள் குருதிச் சருக்கரையை உயர்த்தும் விரைவை அளந்து குறியீட்டெண் வகுத்தார். அவ்வளவையில் நெல்லின் வகை, தீட்டிய அளவு, சமைத்த முறை ஆகிய மூன்றும் எண்ணை மாற்றுகின்றன. சென்னை நகர மக்களிடை நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வும், தீட்டிய தானியத்தை மிகுதியாக உண்போரிடை இடைப்பருமனும் நீரிழிவு சார்ந்த கேடுகளும் மிகுதல் கண்டது. உடல் மெலிய விரும்புவோர்க்கு அளவும் இன்றியமையாதது. திருக்குறள் மருந்து அதிகாரம் உணவின் பெயரைச் சொல்லாது அளவையே வற்புறுத்துதல் நினைக்கத்தக்கது.

இனி, சிறுதானியத்திற்கு மீள்வோம். சாமையும் வரகும் தினையும் இன்று அங்காடிகளில் வெண்ணிறமாய்ப் பளபளக்கின்றன. உமியை நீக்குங்கால் தவிட்டையும் உடன் நீக்கும் பொறிகள் பல ஊர்களில் இயங்குகின்றன. அங்ஙனம் தீட்டிய சாமையில் நார்ச்சத்து பெரிதும் குறைந்துவிடுகின்றது. தவிடு நீங்காச் சாமை பழுப்பு நிறத்தது. எண்ணெய்ப் பசை இருத்தலின் விரைவிற் சிக்குநாற்றம் கொள்வது. நெடுநாள் வைத்து விற்றற்கு ஏலாதது. வணிகர் அதனை விரும்பாமைக்கு இதுவே காரணம். ஆமூர் உழவன் மனையில் பூண் தேய்ந்த உலக்கை செய்த வேலையை இப்பொழுது முல்லை நிலத் தானியத்தின்மேலும் பொறி செய்துகொண்டிருக்கின்றது.