மிஸ் கேரளாவின் பூர்வீகம்

பூதப்பாண்டியில் எங்களுக்கு மீன் என்றால் பழையாற்றுக் கெண்டை, குளத்து விரால். இரண்டுமே சட்டிக்குப் போகிறவை. கண்ணாடித் தொட்டி பின்னால் வந்த மோகம். என் தொட்டியில் அமேசான் காட்டு நியான் டெட்ராவை விட்டுவிட்டு மிஸ் கேரளா மீனை வளர்ப்பதற்கு ஊர்ப்பாசமே காரணம்.

சென்னை ராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே, 1865இல் முண்டக்கயத்து மீனை வைத்து இதை விவரித்தார். அப்போதைய சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசன் பெயரையே சூட்டினார். அன்று முண்டக்கயமும் பூதப்பாண்டியும் ஒரே திருவிதாங்கூர். 1956இல்தான் நாங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம்.

மூக்கு நுனியிலிருந்து கண்ணை ஊடுருவி நடுவுடல் வரை சிவப்புக் கோடு. அதன் கீழே வால்வரை கறுப்பு. கூட்டமாகத் திரும்பும்போது அத்தனை கோடுகளும் ஒன்றாகத் திரும்பும். இந்த அழகுதான் வினையானது. 1997இல் சிங்கப்பூர் அக்வாராமா கண்காட்சியில் பரிசு. பிறகு ஆறுகளை அரித்து ஏற்றுமதி செய்தார்கள். 2008இல் கேரள அரசு கட்டுப்பாடு விதித்தது. பிடிக்கக்கூடாத மாதங்கள் ஜூன், ஜூலை, அக்டோபர். மீன் முட்டையிடுவதோ அக்டோபர் முதல் மார்ச் வரை! ஆற்றங்கரைக்காரன் ஒருவனைக் கேட்டிருக்கலாம். இன்று அது அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பண்ணைக் குஞ்சுகளையே கேட்டு வாங்குங்கள். அரையடி வரை வளரும், தனியே விட்டால் மிரளும். ஆறேழாவது சேர்த்து, நாலடித் தொட்டியில் விடுங்கள். அலுத்துப்போனால் பழையாற்றில் மட்டும் கொட்டாதீர்கள்.