பாலைவனக் காற்றும் பள்ளத்தாக்குக் காய்ச்சலும்

பாலைவனம் என்ற சொல்லைக் கேட்டதும் மணலும் வெயிலும் தாகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அங்கே வீசும் காற்றைப் பற்றி நாம் அதிகமாக எண்ணுவதில்லை. நான் பூகோளப் பாடம் நடத்திய நாட்களில், பாலைவனத்துக் காற்று ஈரமற்றது, ஆதலால் நோயற்றது என்றே மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். அது பிழை என்பதைப் பின்னர்ப் படித்தே தெரிந்துகொண்டேன். அந்தப் பிழையைச் செய்தவன் நான் ஒருவன் மட்டும் அல்லன். பெயர் பெற்ற வைத்தியர்களும் செய்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், காசநோயால் வருந்தியவர்களை அமெரிக்க வைத்தியர்கள் அரிஸோனா மாநிலத்தின் டூசான், பீனிக்ஸ் முதலிய ஊர்களுக்கு அனுப்பி வைத்தார்கள். வறண்ட காற்று நுரையீரலுக்கு மருந்து என்பது அவர்களுடைய நம்பிக்கை. நோயாளிகள் கூட்டங்கூட்டமாக வந்து பாலைவனத்தின் ஓரத்தில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். ஆனால் மருந்தென்று எண்ணி அவர்கள் உட்கொண்ட அதே காற்றில், வேறொரு நுரையீரல் நோயின் வித்தும் மிதந்துகொண்டிருந்தது. அந்த நோய்க்குப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று பெயர். அதன் சரித்திரத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தச் சரித்திரம் தென் அமெரிக்காவில் தொடங்குகிறது. 1892ஆம் ஆண்டில் அர்ஜென்டினா நாட்டின் தலைநகரான போனஸ் அயர்ஸில், அலெஹாந்த்ரோ போசாதாஸ் என்னும் இளைஞர் வைத்தியம் பயின்றுகொண்டிருந்தார். படைவீரர் ஒருவருடைய தோலில் ஆறாத புண்கள் தோன்றியிருந்ததை அவர் ஆராய்ந்தார். நுண்பெருக்கியின் கீழ்ப் பார்த்தபோது உருண்டை உருண்டையாகச் சில உயிர்கள் தென்பட்டன. அவை ஒற்றை அணுவால் ஆகிய சிறு பிராணிகள் என்று அவர் கருதினார். ஏறத்தாழ அதே காலத்தில், வட அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் வேலை செய்த ஒரு தொழிலாளிக்கும் இதே நோய் கண்டது. அதை ஆராய்ந்த ரிக்ஸ்ஃபோர்டு, கில்கிறிஸ்ட் என்னும் இருவரும் 1896ஆம் ஆண்டில் அந்த உயிருக்குக் காக்சிடியாய்டிஸ் இமிட்டிஸ் என்று பெயர் சூட்டினார்கள். இமிட்டிஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் சாந்தமற்றது என்பது பொருள். நோயாளி மாண்டுபோனதைக் கண்டவர்கள் இட்ட பெயர் அது.

இங்கே ஒரு செய்தியை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அவ்விருவரும் நோயாளியின் உடலிலிருந்து எடுத்த பொருளைக் கண்ணாடிக் குழாயில் வளர்க்க முயன்றபோது, ஒவ்வொரு முறையும் வெண்மையான பூஞ்சணமே படர்ந்தது. அது வெளியிலிருந்து வந்து கலந்த அழுக்கு என்று எண்ணி ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் உண்மை அந்த அழுக்கிலேதான் இருந்தது. 1900ஆம் ஆண்டில் ஓஃபுல்ஸ், மாஃபிட் என்னும் இரு வைத்தியர்கள், உடலுக்குள் உருண்டையாக இருப்பதும் வெளியே பூஞ்சணமாகப் படர்வதும் ஒரே உயிர்தான் என்று நிரூபித்தார்கள். பிராணி என்று கருதப்பட்டது பூஞ்சணம் என்று ஆயிற்று.

அப்படியானால் அந்தப் பூஞ்சணம் எங்கே குடியிருக்கிறது? 1932ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் கெர்ன் வட்டாரத்து மண்ணிலிருந்தே அதைப் பிரித்தெடுத்தார்கள். சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் தென்கோடியில் உள்ள அவ்வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 15 சென்டிமீட்டர்தான். குளிர்காலத்தில் சிறிது மழை பெய்யும். கோடையில் வானம் பொய்த்து நிலம் வெடித்துக் கிடக்கும்.

நோயின் உண்மை உருவம் வெளிப்பட்டதோ ஒரு விபத்தினால். 1929ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் டிக்ஸன் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிக்கூடத்தில், ஹரால்டு சோப் என்ற மாணவர் பூஞ்சணம் வளர்த்த பழைய கண்ணாடித் தட்டு ஒன்றைத் திறந்தார். உலர்ந்த தூள் எழுந்து அவருடைய மூச்சோடு உள்ளே சென்றுவிட்டது. சில நாட்களில் காய்ச்சலும் நெஞ்சுவலியும் கண்டன. கால்களில் சிவந்த தடிப்புகள் எழுந்தன. அக்காலத்தில் இந்நோய் கண்டவர் பிழைப்பதில்லை என்றே வைத்தியர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் அம்மாணவர் நலம் பெற்று எழுந்துவிட்டார்! சாந்தமற்றது என்று பெயர் பெற்ற நோய் சிலரிடம் சாந்தமாகவும் வந்து போகும் என்பது அன்றுதான் புலப்பட்டது.

அதே சமயத்தில் கெர்ன் வட்டாரத்தின் சுகாதாரத் துறையில் மிர்னி கிஃபோர்டு என்ற பெண் வைத்தியர் பணியாற்றிக்கொண்டிருந்தார். அங்குள்ள மக்களிடையே, இருமலும் மூட்டுவலியும் காலில் சிவந்த தடிப்புமாக ஒரு காய்ச்சல் வெகு நாளாக வழங்கி வந்தது. பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்றும் பாலைவன வாதம் என்றும் மக்களே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மண்ணில் வேலை செய்பவனுக்கு வருவது வழக்கந்தான் என்று யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. இந்தக் காய்ச்சலும் அந்தக் கொடிய நோயும் ஒரே பூஞ்சணத்தின் வேலை என்பதை, 1930களின் பிற்பகுதியில் டிக்ஸனும் கிஃபோர்டும் உறுதி செய்தார்கள். அந்த ஆண்டுகளில்தான், அமெரிக்காவின் நடுச்சமவெளியில் வறட்சியாலும் புழுதிப்புயலாலும் நிலத்தை இழந்த குடியானவர்கள் பிழைப்புத் தேடிக் கலிபோர்னியாவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஒரு புழுதிக்குத் தப்பி வந்தவர்களை மற்றொரு புழுதி வரவேற்றது. இந்தப் பூஞ்சணத்தை முன்பின் அறியாத அவர்கள் உடல் எளிதில் அதற்கு இரையாயிற்று.

இனி, மழைக்கும் வறட்சிக்கும் இந்நோயோடு என்ன தொடர்பு என்று பார்ப்போம். மண்ணில் ஈரம் உள்ளபோது பூஞ்சணம் நூல் நூலாக மேற்பரப்பின் கீழே படர்கிறது. வெயில் ஏறி ஈரம் வற்றியதும் அந்நூல்கள் உலர்ந்து, துண்டு துண்டாக முறிகின்றன. ஒவ்வொரு துண்டும் ஒரு வித்து. அதன் நீளம் 2 முதல் 5 மைக்ரான் வரையில்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் வித்தின் சிறுமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இவ்வளவு நுண்ணிய தூளை மூக்கு தடுத்து நிறுத்த இயலாது. அது நுரையீரலின் ஆழத்துக்கே சென்றுவிடும். அங்கே உருண்டையாக வளர்ந்து, வெடித்து, நூற்றுக்கணக்கான சிறு வித்துகளைச் சிதறுகிறது. மூச்சில் வாங்கியவர்களில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினருக்கு ஒன்றும் தெரிவதில்லை. மற்றவர்களுக்கு ஒன்று முதல் மூன்று வாரங்களில் காய்ச்சல் வருகிறது. மிகச் சிலருக்கு மட்டும் எலும்பு, தோல், மூளையின் உறை ஆகிய இடங்களுக்கு நோய் பரவி உயிருக்கே உலை வைக்கிறது. இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நோய் அன்று. மண்ணிலிருந்து காற்று கொண்டுவந்து சேர்க்கும் நோய்.

இரண்டாம் உலகப் போர் இந்த உண்மைகளைச் சோதித்துப் பார்க்கும் களமாக அமைந்தது. வானம் தெளிவாக இருக்கும் பாலைநிலம் விமானப் பயிற்சிக்கு ஏற்றது என்று கருதிய அமெரிக்க இராணுவம், 1941ஆம் ஆண்டளவில் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் பயிற்சித் தளங்களை அமைத்தது. இளம் வீரர்கள் வரிசையாக நோயில் விழுந்தார்கள். சார்லஸ் ஸ்மித் என்ற ஸ்டான்ஃபோர்டுப் பேராசிரியரை இராணுவம் துணைக்கு அழைத்தது. அவர் தோலில் மருந்து குத்திப் பார்க்கும் சோதனையினால், யார் யாருக்கு எந்தப் பருவத்தில் நோய்த்தொற்று ஏற்பட்டது என்பதை மாதந்தோறும் கணக்கெடுத்தார். மழைக்காலத்தில் தொற்று குறைந்தது. புழுதி பறக்கும் கோடையிலும் அதை அடுத்த மாதங்களிலும் மிகுந்தது. நல்ல மழை பெய்த குளிர்காலத்தை அடுத்து வந்த வறண்ட கோடையில் இன்னும் மிகுந்தது.

ஸ்மித் கணக்கெடுப்போடு நின்றுவிடவில்லை. பரிகாரமும் சொன்னார். தளங்களில் வெற்றுநிலத்தில் புல் வளர்க்கச் செய்தார். பாதைகளுக்குத் தளம் போடச் செய்தார். புழுதி எழும் இடங்களில் எண்ணெய் தெளிக்கச் செய்தார். அவ்வாறு செய்த இடங்களில் தொற்று பாதிக்கும் கீழாகக் குறைந்தது. புதிய மருந்து ஒன்றும் இல்லை. புல்லும் சாலையுமே இவ்வளவு நன்மையைச் செய்தன. இந்த முடிவுகள் 1946ஆம் ஆண்டில் மருத்துவச் சஞ்சிகையில் வெளியாயின.

அறிவு கிடைத்துவிட்டது. அதற்குப் பின் நடந்தவை யாவை?

1976, 1977ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவில் கடுமையான வறட்சி. பயிரும் புல்லும் இன்றி நிலம் வெறிச்சோடிக் கிடந்தது. 1977 டிசம்பர் 20ஆம் நாள் தெஹாச்சப்பி மலைகளைத் தாண்டிப் பெரும் சூறாவளிக் காற்று கெர்ன் வட்டாரத்தில் இறங்கியது. மேல்மண்ணை வாரி எடுத்த அக்காற்று, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே உள்ள சாக்ரமென்டோ நகரம் வரையில் அதைக் கொண்டுபோய்க் கொட்டியது. அந்நோயை அரிதாகவே கண்டிருந்த ஊர்களிலும் அடுத்த வாரங்களில் மக்கள் படுக்கையில் விழுந்தார்கள். தம் வாழ்நாளில் அப்பள்ளத்தாக்கின் மண்ணை மிதிக்காதவர்களும் அதன் காய்ச்சலை அனுபவித்தார்கள்.

1987 முதல் 1992 வரை மீண்டும் நீண்ட வறட்சி. இடையில் 1991 மார்ச்சு மாதத்தில் மட்டும் நல்ல மழை பெய்தது. மக்கள் மகிழ்ந்தார்கள். மண்ணிலிருந்த பூஞ்சணமும் தழைத்தது. முன்பெல்லாம் ஆண்டுக்குச் சில நூறு பேருக்கே கண்டுவந்த நோய், 1992ஆம் ஆண்டில் 4,000க்கும் மேற்பட்டோருக்குக் கண்டது. 1994 ஜனவரி 17ஆம் நாள் நார்த்ரிட்ஜில் நிலநடுக்கம் உண்டாகி மலைச்சரிவுகள் இடிந்தபோது எழுந்த புழுதியால், வென்டூரா வட்டாரத்தில் 203 பேர் நோயுற்றனர், மூவர் மாண்டனர்.

2000 முதல் 2020 வரையிலான கலிபோர்னியாவின் நோய்க் கணக்கை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2022ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வறட்சி நடக்கும் ஆண்டுகளில் இந்நோய் குறைகிறது. வறட்சி நீங்கி மழை வந்த பிறகு முன்னிலும் அதிகமாகத் தலைதூக்குகிறது என்பதே அது. காரணம் எளிது. ஈரமின்றிப் பூஞ்சணம் வளராது. வளராததை உலர்த்தி உடைக்க வெயிலாலும் இயலாது. எனவே வறட்சி முடிந்துவிட்டது என்று ஊரார் மூச்சுவிடும் வேளையே, அந்த மூச்சுக்கு ஆபத்தான வேளையாகிறது. மிகை மழையும் மிகை வறட்சியும் மாறி மாறி வரும்படி சீதோஷ்ணம் திரிந்துவரும் இக்காலத்தில் இது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். 2024ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் மட்டும் 12,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டது. வெகு வடக்கே உள்ள வாஷிங்டன் மாநிலத்து மண்ணிலும் அப்பூஞ்சணம் இருப்பது 2010க்குப் பின்னர்த் தெரியவந்தது. மனிதர்க்கு வழங்கத்தக்க தடுப்பு மருந்து இன்னும் ஏற்படவில்லை.

இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் வருத்திய பகுதியை இறுதியாகச் சொல்கிறேன். போர்க்காலத்தில் அரிஸோனாவின் கீலா ஆற்றுப் பகுதியில், ஜப்பானிய மரபினரான அமெரிக்கக் குடிமக்களைக் குற்றமின்றியே சிறைமுகாமில் அடைத்து வைத்தார்கள். அவர்களுக்கும் இக்காய்ச்சல் கண்டது. போர் முடிந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின், எந்தப் பள்ளத்தாக்கில் ஸ்மித் வீரர்களைக் காக்கப் புல் வளர்த்தாரோ, அதே பள்ளத்தாக்கில் புதிய சிறைச்சாலைகளைக் கட்டினார்கள். அவெனல் சிறை 1987ஆம் ஆண்டிலும், பிளெஸன்ட் வேலி, அதாவது இனிய பள்ளத்தாக்கு என்று பெயரிடப்பட்ட சிறை 1994ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. வெளியூர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் பலர் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள். ஆப்பிரிக்க மரபினருக்கும் பிலிப்பைன்ஸ் மரபினருக்கும் இந்நோய் உடலெங்கும் பரவும் அபாயம் மிகுதி என்பது முன்னரே அறியப்பட்ட செய்தி. ஆயினும், அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய கைதிகளை அங்கிருந்து மாற்ற வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது 2013ஆம் ஆண்டில்தான். நீதிமன்றம் விதித்த தண்டனை சிறைவாசம். நுரையீரல் நோயை எந்த நீதிபதியும் விதிக்கவில்லை.

வயலில் கூலி வேலை செய்பவன், கட்டளைக்குப் பணியும் வீரன், பூட்டிய கதவுக்குள் இருக்கும் கைதி ஆகிய இவர்கள் தாம் மூச்சுவிடும் இடத்தைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். 1946ஆம் ஆண்டில் அச்சேறிய ஓர் உண்மை, தேவைப்பட்ட இடத்தில் தேவைப்பட்ட நாளில் திறந்து பார்க்கப்படவில்லை. அதனால் துன்புற்றவர்கள் இவர்களே.

மாணவர்களே, நாளை உங்களில் சிலர் வைத்தியர்களாகலாம். சிலர் பொறியாளர்களாகி, ஒரு கட்டடம் எங்கே எழவேண்டும் என்று தீர்மானிக்கலாம். அப்போது நிலத்தின் விலையையும் நீரின் அளவையும் கேட்பதோடு நில்லாமல், அந்த மண்ணின் சரித்திரத்தையும் கேளுங்கள். அங்கே எழும் புழுதியில் என்ன இருக்கிறது, அதை மூச்சில் வாங்கப் போகிறவர் யார் என்றும் கேளுங்கள். விடை பெரும்பாலும் ஏதேனும் ஒரு பழைய சஞ்சிகையில் எழுதப்பட்டு, படிப்பவரை எதிர்பார்த்துக் காத்துக்கொண்டிருக்கும்.