டோங்கின் வளைகுடா நிகழ்வு

வியட்நாம் போரில் நேரடியாக இறங்குவதற்கு அமெரிக்க அரசு தன் மக்களிடம் சொன்ன காரணம். 1964 ஆகஸ்டில், வட வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டன என்று அறிவிக்கப்பட்டது. முதல் தாக்குதல் நடந்தது. இரண்டாவது நடக்கவே இல்லை.

ஆகஸ்ட் 2 அன்று வட வியட்நாமின் 3 டார்பிடோ படகுகள் மேடக்ஸ் என்ற நாசகாரிக் கப்பலைத் தாக்கின. கப்பலில் பட்டது ஒரே ஒரு தோட்டா. அமெரிக்கர் எவரும் சாகவில்லை. வடக்கின் ராடார், வானொலிச் சமிக்ஞைகளை ஒட்டுக்கேட்பதற்காக வந்த கப்பல் அது. மூன்று நாள் முன்புதான், அமெரிக்கா வகுத்த இரகசியத் திட்டத்தின்படி தென் வியட்நாம் படகுகள் வடக்கின் தீவுகள் மீது குண்டு வீசியிருந்தன. அதை மறைத்துவிட்டு, காரணமே இல்லாமல் தாக்கப்பட்டோம் என்றார்கள். அப்படி ஏதேனும் நடந்திருந்தாலும் அமெரிக்கக் கடற்படைக்கு அது தெரியாது என்று பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா செனட் உறுப்பினர்களிடமே கூறினார்.

ஆகஸ்ட் 4 இரவு மேடக்ஸும் டர்னர் ஜாய் கப்பலும் ராடார், சோனார் குறிகளை நம்பி இருட்டில் நெடுநேரம் சுட்டன. மேலே பறந்த விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேலின் கண்ணில் ஒரு படகும் படவில்லை. கப்பல்களுக்குப் பொறுப்பாக இருந்த ஜான் ஹெரிக், அந்தக் குறிகளுக்கு வானிலைக் கோளாறும் சோனார் கேட்டவர்களின் பரபரப்பும் காரணமாக இருக்கலாம், முழுமையாக ஆராய்ந்த பிறகே மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று செய்தி அனுப்பினார். தாக்குதல் நடந்தது என்றே நம்புவதாக அவர் பிறகு சொன்னாலும், ஐயம் தீரவில்லை. சற்றுப் பொறுத்திருந்தால் தெளிவு கிடைத்திருக்கலாம். ஆனால் அதிபர் ஜான்சன் அமெரிக்க நேரப்படி அன்றிரவே தொலைக்காட்சியில் தோன்றிப் பதிலடியை அறிவித்தார்.

ஆகஸ்ட் 7 அன்று, தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க அதிபருக்கு இசைவளிக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416–0, செனட்டில் 88–2 என நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த வெய்ன் மோர்ஸ், எர்னெஸ்ட் குரூனிங் இருவருமே 1968 தேர்தலில் பதவியை இழந்தனர். 1971 ஜனவரியில் தீர்மானம் நீக்கப்பட்டது, போர் நிற்கவில்லை.

இருட்டில் ராடார் காட்டிய தவறான குறியை நம்பியதைப் பிழை என்று பொறுக்கலாம். தாங்களே ஏவிய தாக்குதலை மறைத்தது தெரிந்தே செய்தது. அதுவே இந்நிகழ்வின் பெருங்குற்றம். ஆகஸ்ட் 4 பற்றி ஒட்டுக்கேட்ட செய்திகளில் பெரும்பகுதி மேலிடத்து அறிக்கைகளில் சேர்க்கப்படவில்லை என்பதை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் வரலாற்றாய்வாளர் ராபர்ட் ஹேன்யாக் கண்டறிந்தார். அவருடைய ஆய்வை அம்முகமை 2005 இல்தான் வெளியிட்டது.