பலகையைப் படித்தல்: தஞ்சை வண்டலில் எழுத்தும் குறியும் கணினியும்

பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை. தஞ்சாவூர்ப் பேருந்து நிலையத்தில் அடுத்தடுத்து நிற்கக்கூடிய இரண்டு வண்டிகளின் நெற்றிப் பலகைகள் இவை. இரண்டும் பகர வரிசையில் தொடங்குகின்றன, இரண்டும் 'கோட்டை'யில் முடிகின்றன. தள்ளி நின்று பார்த்தால் நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு சொல்லை அதன் மொத்த உருவத்தை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம் என்று சொல்கிற எந்தக் கல்விக் கோட்பாட்டுக்கும் டெல்டா நல்ல சோதனைக்களம். திருவையாறு, திருவாரூர், திருக்காட்டுப்பள்ளி, திருப்பனந்தாள், திருவிடைமருதூர், திருத்துறைப்பூண்டி என்று இங்கே 'திரு'க்களுக்குக் கணக்கில்லை. கண்ணில் முதலில் படுகிற பகுதி எதையும் சொல்வதில்லை. வித்தியாசம் உள்ளே தள்ளி எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது.

ஆனாலும் எழுத்தறியாதவர்கள் என்று குடிக்கணக்கில் ஏற்றப்பட்டவர்கள் தலைமுறைகளாக இந்த வண்டிகளில் சரியாகத்தான் ஏறி இறங்கியிருக்கிறார்கள். வண்டி வரும் நேரம், நிற்கும் இடம், நடத்துநரின் குரல், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது வரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறார்கள். "மீன்கூடை ஏறுதா, அப்ப அது நாகப்பட்டணத்து வண்டி" என்பது ஊகம் அல்ல, வாசிப்பு. எழுத்தறிவு x எழுத்தறியாமை என்ற எதிர்மையைக் கட்டமைத்து, ஒரு பக்கத்தை வெளிச்சம் என்றும் மறுபக்கத்தை இருட்டு என்றும் பெயரிட்ட சொல்லாடல் இந்த வாசிப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை. குறிகளைப் படிக்கத் தெரியாத மனிதர் யாருமில்லை. எந்தக் குறி யாருக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

குறிகள் மாறவும் செய்கின்றன. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1972ல் தொடங்கியது சோழன் போக்குவரத்துக் கழகம். 'சோழன் வண்டி' என்றால் எல்லாருக்கும் தெரியும். 1997ல் தென்மாவட்டங்களில், ஒரு கழகத்துக்குத் தேவேந்திரகுல வேளாளர் மரபினரான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்ததை ஒட்டி மூண்ட சாதிக் கலவரத்துக்குப் பிறகு, தமிழக அரசு மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் எல்லாப் பெயர்களையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டது. ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றவர்கள் படிக்கத் தெரிந்தவர்கள்தான். எழுத்தறிவு தானாகவே மனிதரை விடுவிக்கும் என்று நம்புகிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

2003 வாக்கில், திருவையாற்றுக்கு மேற்கே ஒரு கிராமத்தில், தொண்டு நிறுவனம் ஒன்று கொடுத்த பழைய கணினியில் ஒரு குறுந்தகடை நிறுவித்தரும் வேலை எனக்கு வந்தது. பொது இடங்களில் காணும் பலகைகளையும் அடையாளங்களையும் கற்றுக்கொடுக்கும் மென்பொருள். ஆண்கள், பெண்கள், அபாயம், வழி, நிறுத்தம், மருத்துவமனை என்று படமும் சொல்லும் குரலுமாக வரும். பகலில் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாததால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் உட்கார்ந்தோம். நடவு முடிந்து குளித்துவிட்டு வந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிறுவல் திரை முழுக்க ஆங்கிலம். அடுத்து, சம்மதம், முடிந்தது என்ற பொத்தான்கள் எல்லாமே 'நெக்ஸ்ட்', 'ஐ அக்ரீ', 'பினிஷ்'. பலகை படிக்கக் கற்றுக்கொடுக்க வந்த பொருளின் வாசற்பலகையே அந்த வீட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குப் படிக்க முடியாதது. உரிம ஒப்பந்தம் ஒன்று பல திரை நீளத்துக்கு ஓடியது. உலகத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை, படித்ததாகச் சம்மதிக்க மட்டும் செய்கிறோம். பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைப்பதைக் காலங்காலமாக எழுத்தறியாமையின் கொடுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்திருக்கிறோம் இல்லையா?

அடுத்தது எழுத்துரு. அன்றைய தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலும் ஐரோப்பிய எழுத்துக்களின் இடங்களில் தமிழ் உருவங்களை உட்காரவைத்து ஒப்பேற்றியவை. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு டாப், டாம் என்ற இரண்டு குறியாக்கங்களையும் ஒரு விசைப்பலகையையும் தரப்படுத்தியது. இணையத்தில் இயங்கியவர்களோ டிஸ்கியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருங்குறி வந்துகொண்டிருந்தது, ஆனால் விண்டோஸ் 98 ஓடிய எங்கள் பெட்டிக்கு அது எட்டாது. எழுத்துருக் கோப்பைத் தேடி உரிய கோப்புறையில் போடும்வரை திரையில் 'பெண்கள்' இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துக்கள் வரிசையாக நின்றன. பின்னாலிருந்து ஒரு அம்மா, "இது என்ன தம்பி, எங்களுக்குத்தான் தெரியலன்னு பாத்தா ஒனக்கும் தெரியலயா?" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்த ஒரு நிமிஷம் அந்தக் கூடத்தில் எல்லோரும் சமமாக இருந்தோம் என்பது இப்போது யோசித்தால் படுகிறது.

இந்த வகை முயற்சிகளில் பெரிய அளவில் நடந்தது டாடா கன்சல்டன்சி சர்வீசஸின் கணினிவழி எழுத்தறிவுத் திட்டம். எஃப்.சி. கோலியின் யோசனையில் 2000ல் அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் தெலுங்கில் தொடங்கி, பிறகு தமிழ் உட்படப் பல மொழிகளுக்கு விரிந்தது. தென்னாப்பிரிக்காவின் வடசோத்தோ மொழிக்கும் போயிற்று. அரிச்சுவடியில் தொடங்காமல் சொல்லைப் படம்போலக் கண்ணில் பதியவைத்து, அதற்குள்ளிருந்து எழுத்துக்களைப் பிரித்துக் காட்டுவது அதன் முறை. ஏறத்தாழ 40 மணி நேரத்தில் சில நூறு சொற்கள். எழுதக் கற்றுக்கொடுப்பது அதன் நோக்கமல்ல. பயிற்சி பெற்ற ஆசிரியர் தேவைப்படாது. அலுவலகங்கள் கழித்துப்போட்ட பழைய கணினிகளே போதும். முதியோர் கல்வியின் செலவையும் காலத்தையும் குறைக்க வேண்டும் என்கிற பொறியாளரின் நேர்மையான அக்கறை இதில் இருக்கிறது. அதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை.

ஆனால் 40 மணி நேரம் என்ற எண் எனக்கு வேறொன்றை நினைவூட்டுகிறது. 1963ல் பிரேசிலின் வடகிழக்கில் ஆங்கிகோஸ் என்ற சிற்றூரில் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் குழு சுமார் 300 உழைப்பாளிகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. அதுவும் 40 மணி நேரப் பயிற்சிதான். அங்கே சொற்களை வெளியிலிருந்து யாரும் பட்டியல் போட்டுக் கொண்டுவரவில்லை. அந்த ஊரில் தங்கி, மக்களின் பேச்சைக் கேட்டு, எந்தச் சொல் அவர்களுடைய வாழ்க்கையின் முடிச்சாக இருக்கிறதோ அதை எடுத்து, எழுத்தைப் பிரிப்பதற்கு முன் அதைப் பற்றி விவாதித்தார்கள். 1964ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஃப்ரெய்ரே சிறைக்குப் போனார், பிறகு நாடு கடந்தார். ஒரு 40 மணி நேரத்தைப் பார்த்து ராணுவம் பயந்தது. இன்னொரு 40 மணி நேரத்தைப் பார்த்து யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. மணி நேரத்தில் இல்லை விஷயம், சொற்பட்டியலை யார் போடுவது என்பதில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1990களின் அறிவொளி இயக்கம் இதைப் பாதியாவது புரிந்துகொண்டிருந்தது. அதன் தொடக்கப் பாடத்துச் சொற்களில் ஒன்று 'பட்டா'. பக்கத்துப் புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது அந்த இயக்கத்தோடு சேர்ந்துதான். தஞ்சைப் பண்ணைகளில் 'பட்டா' என்பது அரிச்சுவடிச் சொல் அல்ல. 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25ல் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். 1971ல்தான் குடியிருப்பு மனையை அதில் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. வெண்மணித் தகராறில் கூலியோடு சேர்ந்த இன்னொரு விஷயம், ஊரில் பறந்த செங்கொடியை இறக்க வேண்டும் என்ற மிராசுதார்களின் நிர்ப்பந்தம். கொடியும் ஒரு பொதுக்குறிதான், எழுத்தே இல்லாத பலகை. அதை யாரும் தவறாகப் படிக்கவில்லை.

இந்த மண்ணில் பொது இடத்து எழுத்தின் வரலாறு பழையது. 1010ல் நிறைவடைந்த பெரியகோயிலின் சுவர் முழுக்க எழுத்து. தளிச்சேரிப் பெண்கள் ஏறத்தாழ 400 பேருக்கு ஒவ்வொருவரின் பெயரும், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் வெட்டப்பட்டிருக்கிறது. முகவரிப் பலகை என்றே சொல்லிவிடலாம். அதே கோயிலின் கல்வெட்டுகளில்தான், ஊர் நிலத்தில் வரி நீக்கப்பட்ட பகுதிகளைச் சொல்லும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்களும் வருகின்றன. தன் சேரியின் பெயர் கல்லில் இருப்பதை அந்தச் சேரிக்காரர் போய்ப் படிக்க முடியாது. உள்ளே விட்டால்தானே? கோயில் நுழைவுச் சட்டம் 1939ல்தான் வருகிறது. சீர்திருத்தவாதிகள் நினைப்பதுபோல எழுத்து தெரியாததால் மட்டும் அவர்கள் விலக்கப்படவில்லை, எழுதப்பட்டுத்தான் விலக்கப்பட்டார்கள்.

ரயில் வந்தபோது இந்தப் பலகை நவீனமாயிற்று. நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணர்க்கு ஒரு பகுதி, 'இதராள்' என்று மற்றவர்க்கு ஒரு பகுதி. 1941ல்தான் அது போயிற்று. உணவு விடுதிகளின் முகப்பில் 'பிராமணாள்' நின்றது. அதை அழிக்கப் பெரியார் 1957ல் திருவல்லிக்கேணியில் ஒரு விடுதியின் முன் மறியலைத் தொடங்கினார். அதற்கு முன்னால் 1952ல் ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்துக்களின் மேல் தார் பூசப்பட்டது, 1953ல் டால்மியாபுரத்தைக் கல்லக்குடி ஆக்கக் கோரித் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தார்கள். பெரியார் 1935லேயே முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தை 1978ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியதும் 'மருத்துவமனை'யின் 'னை'யும் 'பண்ணை'யின் 'ணை'யும் தும்பிக்கையை இழந்து இப்போதைய உருவத்துக்கு வந்தன. எந்த மென்பொருளையும்விட அதிகமாகத் தமிழர்களுக்குப் பலகையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது தார்ச்சட்டி என்பது என் அபிப்பிராயம். அந்தத் தார்ச்சட்டி, பலகையே இல்லாத பாகுபாட்டை, டீக்கடையின் தனிக் குவளையை, அதே வேகத்தோடு தொடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எழுத்தே வேண்டாம், படக்குறி போதும் என்ற கனவும் ஒன்று உண்டு. வியன்னாவில் 1920களில் ஓட்டோ நியூராத் உருவாக்கிய படமொழி பின்னாளில் மேற்கு நைஜீரியா வரைக்கும் போயிற்று. நம் தேர்தல் சின்னங்களும் 1951-52லிருந்து அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் படம் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தரும் என்பது படித்தவர்களின் நம்பிக்கை. பூச்சிமருந்து டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1971ன் விதிகளின்படி ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சாய்சதுரம், கீழ்ப்பாதியில் நிறம். சிவப்பு கடும் விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. விஷம் குறையக் குறைய நிறம் மாறுகிறது. வயல்காட்டில் பச்சை என்றால் பயிர், உயிர்; மஞ்சள் என்றால் மங்கலம். மஞ்சள் முக்கோணம் இரண்டாவது கொடிய விஷம் என்று எந்த மரபு அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும்? மண்டையோடு சிவப்பில் மட்டும்தான் உண்டு. விவரத்தாள் உள்ளே மடிந்து கிடக்கிறது, பல மொழிகளில், பொடி எழுத்தில், படித்தவனுக்கும் கண்ணாடி வேண்டும். எங்கள் குறுந்தகட்டில் 'புகைபிடிக்காதீர்' இருந்தது. இந்தச் சாய்சதுரம் இல்லை. நகரத்தில் ஒருவர் தன் தெருவை நினைத்துக்கொண்டு போட்ட பட்டியல் அது.

நாலைந்து ராத்திரி போனபிறகு அந்தப் பெண்களிடம் எந்தப் பலகை உங்களுக்கு வேண்டும் என்று கேட்டோம். வந்த பதில்களில் கழிப்பறை இருந்தது, பேருந்து இருந்தது. ரேஷன் கடையின் இருப்புப் பலகை இருந்தது: "சீனி இல்லங்குறான், பலகையில என்ன எழுதியிருக்கான்னு பாக்கணும்." ஒரு ஏக்கர், முக்கால் ஏக்கர் தன் பெயரில் வைத்திருந்த இரண்டு பேர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துப் பலகையைக் கேட்டார்கள். அதில் சன்ன ரகம், பொது ரகம் என்று குவிண்டாலுக்கு விலை இருக்கும். ஈரப்பதம் 17 சதம் என்று இருக்கும். அந்த 17ஐக் காட்டித்தான் நெல்லைத் திருப்பி அனுப்புவார்கள், மறுபடி காயப்போடச் சொல்வார்கள், காய்கிற இரண்டு நாளுக்குள் மழை வந்தால் முளைத்துப்போகும்.

குறுந்தகட்டில் புதுச் சொல் சேர்க்க வழியில்லை. காலண்டர் அட்டைகளைக் கிழித்து, பின்பக்கத்தில் 'இருப்பு', 'ஈரப்பதம்', 'சன்ன ரகம்', 'விஷம்' என்று கரியால் எழுதி நான்கு நிறச் சாய்சதுரத்தையும் வரைந்து சுவரில் சாத்தினோம். 'ஈரப்பத'த்தில் 'ர'வுக்கும் 'ப'வுக்கும் நடுவில் ஒரு 'ப்' எதற்கு என்று கேட்டார் ஒருவர். அதற்கு எழுத்தைப் பிரித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கணினி அதற்குள் அணைந்துபோயிருந்தது. மின்சாரம் போய் அரைமணி ஆகியிருக்கும்.