இண்டிவிஜுவல் சாய்ஸ்

பிரான்ஸின் நார்மண்டிப் பிரதேசத்து அவ்ரான்ஷ் நகரில், பிடில் போதித்த தந்தைக்கு 1942-இல் பிறந்து, பாரிஸ் சங்கீதக் கலாசாலையில் முதற்பரிசு பெற்று, பின்னர் ஜாஸையும் ராக்கையும் இணைத்த ஃப்யூஷன் மார்க்கத்தில் பிரசித்தி அடைந்த பிடில் கலைஞர் ழான்-லுக் போன்டி, 1983-இல் அட்லாண்டிக் நிறுவனத்தின் வாயிலாக வெளியிட்ட வாத்திய இசைத்தட்டு இது. சிந்தசைசரையும், ஸ்வரக்கோவைகளை நினைவில் நிறுத்தி இடையறாது ஒலிக்கும் சீக்வென்சரையும் இதில் அவர் தாமே இயக்கினார். ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தின் கிட்டாரும் ஜார்ஜ் டியூக்கின் கீபோர்டும் விருந்தாக வந்து சேர்ந்தன. 'கம்ப்யூட்டர் இன்கேன்டேஷன்ஸ் ஃபார் வேர்ல்டு பீஸ்' என்னும் உருப்படியில், யந்திரத்தின் சிறு ஸ்வரக்கொத்து சற்றும் பிசகாமல் சுழன்றுகொண்டிருக்க, அதன்மீது வில்லின் நீண்ட இழுப்பு மெல்லப் படர்வதைக் கேட்கையில், யந்திரம் சங்கீதத்தின் ஜீவனைக் கெடுத்துவிடும் என்ற ஐயம் அகன்றுவிடுகிறது. எனினும், 1980-இல் எல் சால்வடாரில் திருப்பலியின்போது சுட்டுக் கொல்லப்பட்ட பேராயர் ஆஸ்கர் ரொமேரோவுக்கு அஞ்சலியாக அமைந்த உருப்படியே நெஞ்சில் நெடுநேரம் நிற்பது.